பாட்டின் மேல் பதிந்த கடிதம்

திங்கட்கிழமை காலை பத்து மணியிருக்கும். நான் வேலை செய்யும் பள்ளிக்கூட உணவகத்தில் இரண்டு பெரிய பாத்திரங்களில் உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. கைபேசி அடித்தது. எடுத்தால் முதலில் மூச்சுத்தான் வந்தது. அந்த மூச்சை வைத்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பேர்லின் நொய்கெல்னில் ஒரு உணவகத்தின் சமையலறையில் பதினொரு வருடம் என்னோடு நின்ற ஜெர்மன்காரர். அவர் சமையற்காரர், நான் கோப்பை கழுவுகிறவன். இப்போது இரண்டு நுரையீரலும் பழுதாகி, என் வீட்டிலிருந்து நாலு பஸ் தரிப்பு தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் கிடக்கிறார்.

"நான் உனக்குக் கொடுத்த கசெட்டுகள்... இன்னும் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"எந்தக் கசெட்டுகள்?" என்றேன். எந்தக் கசெட்டுகள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அறுபது வயதைத் தாண்டியும், தெரிந்ததைத் தெரியாதது போலக் கேட்கிற இந்தக் குணம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

விஷயத்தைச் சொல்வதற்கு முன் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். கிதாரில் ஏழு சுரம். மூன்று வேகமாக ஏறும், ஒன்று சிக்கிக்கொண்டு நிற்கும், பிறகு மூன்று தடதடவென்று இறங்கும். அதன் பின்னால்தான் பறை மாதிரி ட்ரம்ஸ் வந்து விழும். காற்பந்து மைதானத்தில் உள்ளூர்க்காரன் கோல் போட்டால் அதுதான். கிதார் பழகப் போகிற பிள்ளை முதல் கிழமை வீட்டாரைக் கொல்வது அதை வைத்துத்தான். எங்கள் ஆட்களின் கல்யாண மண்டபங்களில்கூட, நாதஸ்வரம் ஒலிநாடாவில் ஓடி முடிந்த கையோடு, மாப்பிள்ளையும் பெண்ணும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ஏழு சுரத்துக்கு நடந்து வருவார்கள். பெரியவர்கள் காதைப் பொத்துவார்கள், ஆனால் கால் பெருவிரல் தாளம் போடும். நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதற்கு ஊரறிந்த கதை ஒன்று உண்டு. பாடியவர் அதை நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறார். பேர்லினில் மதில் இருந்த காலம். மேற்கு ஜெர்மனியிலிருந்து மேற்கு பேர்லினுக்கு ரயிலில் வரும்போது கிழக்கு ஜெர்மன் எல்லைக் காவலர்கள் அவரை மறித்து வைத்தார்களாம். நடைபாதையில் அவர்களுடைய சப்பாத்துகள் ஏறி, நின்று, இறங்கிய சத்தத்தில்தான் அந்த ஏழு சுரமும் அவருக்கு வந்ததாம். நல்ல கதை. சுதந்திரம், மதில், சப்பாத்து எல்லாம் இருக்கிறது. கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியும்.

சமையற்காரர் சொன்ன கதையில் சப்பாத்து இல்லை. இவரும் அந்தப் பாடகரும் ஒரே இசைக்குழுவாம், நொய்கெல்னில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் வாசித்துப் பழகினார்களாம். பக்கத்தில் சரக்கு ஏற்றுகிற லிஃப்ட் ஒன்று. மூன்று தட்டுத் தட்டி ஏறும், சிக்கும், மூன்று தட்டுத் தட்டி இறங்கும். அதைக் கிதாரில் வாசித்துக் காட்டியவர் இவர். ஒரு சண்டையில் குழுவிலிருந்து இவரைக் கலைத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பாட்டு வெளியே வந்தது. இசைத்தட்டின் உறையில் இவர் பெயர் இல்லை. சமையலறை வானொலியில் அது வரும் போதெல்லாம் கை ஈரமோ எண்ணெயோ பார்க்காமல் போய் நிறுத்திவிடுவார். பதினொரு வருடம் பார்த்திருக்கிறேன்.

இப்போது வானொலிக்காரப் பெண்மணி ஒருத்தி அந்தப் பாட்டைப் பற்றி ஒரு மணிநேர நிகழ்ச்சி செய்கிறாள். இவர் எழுதிய கடிதம் அவளுக்குப் போய்ச் சேர்ந்து, அவள் இல்லத்துக்கே வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆதாரம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை மதியத்துக்குள் ஏதாவது இருந்தால் சரி. அதற்குப் பிறகு நிகழ்ச்சியை மூடிவிடுவார்கள்.

"ஒரு ஒத்திகையைப் பதிந்திருந்தேன். அந்தப் பெட்டியில் இருந்திருக்கலாம். நீ தேடிப் பார்" என்றார்.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தேட வேண்டியதே இல்லை. அது என் படுக்கையறை அலுமாரியில், பழைய கடவுச்சீட்டுகளோடு ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் அவருடைய ஏழு சுரம் இருப்பது எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும். அவருக்கு நான் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தச் சுரத்துக்கு முன்னால், அதே பக்கத்தில், என் குரல் இருக்கிறது.

ஒருநாள் வானொலியில் அந்தப் பாட்டு இரண்டு தரம் வந்த கோபத்தில்தான் அவர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். "எடுத்துக்கொண்டு போ. மேலே எதை வேண்டுமானாலும் பதிந்துகொள்." எனக்கு அது பொக்கிஷம். அப்போது யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. எழுதப் பஞ்சிப்பட்டவர்களும், எழுதினால் ஆறாது என்றிருந்தவர்களும் கசெட்டில் பேசி, போகிற வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். அங்கே மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பூட்டி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் ஜெர்மனியிலிருக்கிற பிள்ளையின் குரலும் களைக்கும். பதில் பேசி மறுபக்கத்தில் பதிந்து அனுப்புவார்கள்.

கசெட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் பிறகு அதன் மேல் பதிய முடியாது. இதை அழிக்காதே என்று அர்த்தம். ஆனால் உடைத்த ஓட்டைக்கு மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால் மறுபடி பதியலாம். எங்கள் ஆட்களில் இது தெரியாதவரே இல்லை. அகதிகள் விடுதியில் இலவசமாகக் கொடுத்த எத்தனையோ பிரசங்கக் கசெட்டுகள் இப்படித்தான் குடும்பக் கதை சுமந்துகொண்டு ஊருக்குப் போயின.

சமையற்காரரின் பெட்டியில் பதினாறு கசெட்டுகள் இருந்தன. ஒன்றில் மட்டும் பல் உடைத்திருந்தது. அவர் கோபத்தில் கொடுத்தவர், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மற்றப் பதினைந்தும் முடிந்த பிறகு, கேட்காமல், ஒட்டுநாடாவை எடுத்து ஒட்டினேன்.

அதில் அக்காவுக்குப் பேசினேன். சுகம் விசாரித்தேன். பனி பெய்வதைப் பற்றிக் கொஞ்சம் அளந்தேன். அதன் பிறகு, யாருக்காவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்றிருந்த ஒன்றைச் சொன்னேன்.

நானும் என் நண்பன் ஒருவனும் ஒரே விமானத்தில் கிழக்கு பேர்லினுக்கு வந்து, ரயில் ஏறி மேற்கே வந்து இறங்கினோம். வழியில் அவன் தனக்கு நடந்ததைச் சொன்னான். சுற்றிவளைப்பில் ராணுவம் பிடித்துக்கொண்டு போனது, மூன்று கிழமை அடைத்து வைத்த இடம், அங்கே அவனுக்குச் செய்தது. எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் குண்டு விழுந்தது, பயந்து ஓடி வந்தேன், அவ்வளவுதான். அதைச் சொன்னால் அசூல், அதாவது அகதி அந்தஸ்து, கிடைக்காது என்று விடுதியில் எல்லோரும் சொன்னார்கள். விசாரணைக்கு இருவருக்கும் ஒரே நாள். மொழிபெயர்ப்பாளரும் இருவருக்கும் ஒருவரே. என்னை முதலில் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போய் அவனுடைய கதையை என்னுடையதாகச் சொன்னேன். அந்த மூன்று கிழமையையும், அந்த இடத்தையும், பக்கத்தில் கிடந்தவரின் முனகலையும் விடாமல் சொன்னேன். அழுதும் காட்டினேன். அழுகை உண்மையாகவே வந்தது என்பதுதான் வெட்கம்.

பிறகு அவன் உள்ளே போய் அதையே சொன்னான். அதிகாரி நம்பவில்லை. நீங்கள் எல்லோரும் ஒரே கதையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறீர்கள் என்று சொன்னானாம். இவன் சட்டையைக் கழற்றி முதுகிலிருந்த தழும்பைக் காட்டியிருக்கிறான். அது எதனாலும் வந்திருக்கலாம் என்றானாம். எனக்குக் கிடைத்தது. அவனைத் தள்ளிவிட்டார்கள். அவன் ஒளித்துப் பிரான்சுக்குப் போய், பன்னிரண்டு வருடம் காகிதம் இல்லாமல் அலைந்தான். இன்றைக்கும் பாரிசில்தான் இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறையாவது பேசுவோம். "நீ அதிட்டக்காரன் மச்சான்" என்பான். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.

அக்காவின் பதில் மறுபக்கத்தில் வந்தது. "இனி இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. இஞ்சை வைச்சிருந்தால் ஆரும் கேட்டாலும், அதாலை திருப்பி அனுப்பிறன். நீ கதைச்சு முடிய ஏதோ தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம் கேக்குது, அத்தான் பயந்துபோய் பெடலை விட்டிட்டார்." அந்தத் தகரச் சத்தம் என்னவென்று போட்டுக் கேட்டேன். என் குரல் முடிந்த அடுத்த கணம் நிலவறை. கிதாரில் ஏழு சுரம். ஊரெல்லாம் தெரிந்த அந்தப் பாடகரின் குரல், இளமையாக: "நில், நில். அது என்ன? இன்னொரு தடவை வாசி." சமையற்காரரின் சிரிப்பு: "லிஃப்ட். பக்கத்து லிஃப்ட்." மறுபடி ஏழு சுரம்.

இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

கசெட்டை எறிந்திருக்கலாம். ஆனால் மறுபக்கத்தில் இருப்பது அக்காவின் குரல். அவள் காலமான பிறகு அவள் குரல் வேறெங்கும் இல்லை. அதனால் எறிய மனம் வரவில்லை, எடுத்துக் கேட்கத் துணிவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து இல்லத்துக்குப் போனேன். கசெட் தொலைந்துவிட்டது என்று சொல்வதாகத்தான் முடிவு. பஸ்ஸில் இருந்து நாலு தரம் சொல்லியும் பார்த்தேன், ஜெர்மன் இலக்கணம் பிழைக்கக் கூடாதே. அறைக்குள் போனால் வானொலிக்காரப் பெண்மணியும் இருந்தாள். சமையற்காரர் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். இடது கை விரல்கள் போர்வையின் மேல் நடந்துகொண்டிருந்தன. மூன்று, நிற்கும், மூன்று.

"எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது யாருடையது என்று யாராவது வெளியே சொன்னால் போதும்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

மனப்பாடம் செய்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. "இருக்கிறது. ஆனால் அதன் மேல் நான் பதிந்துவிட்டேன்" என்றேன். "உங்களைக் கேட்காமல். நீங்கள் பல்லை உடைத்து வைத்திருந்தீர்கள். அதன் மேல் ஒட்டுநாடா ஒட்டினேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். முதலில் அவர் முகம் செத்துவிட்டது. உங்கள் சுரம் தப்பியிருக்கிறது, பாடகர் கேட்பதும் நீங்கள் சொல்வதும் இருக்கிறது என்று நான் அவசர அவசரமாகச் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. என் கையைப் பிடித்து விடவேயில்லை.

பெண்மணிக்கு அதைவிட ஆனந்தம். "ஒரு அகதியின் கடிதத்துக்கு அடியில் இந்தப் பாட்டா!" என்றாள். கசெட்டை முழுதாக, வெட்டாமல், அப்படியே கொண்டுவர வேண்டுமாம். வெட்டினால் பொய்யென்று சொல்வார்களாம். என் கடிதத்தையும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டு, நல்ல இடங்களை நிகழ்ச்சியில் போடுவாளாம். அதில் என்ன பேசியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். குடும்ப விஷயம் என்றேன்.

திரும்பி வரும்போது இரண்டு தரிப்பு தாண்டிப் போய் இறங்கினேன். என்னை இனி யாரும் பிடித்து அனுப்பப் போவதில்லை. குடியுரிமை எடுத்து எத்தனையோ வருடம். எனக்கு அலுவலகத்துப் பயம் இல்லை, பாரிஸ் பயம்தான். எங்கள் ஆட்கள் ஒருவர் கேட்டால் போதும், மாலைக்குள் அவனுக்குப் போய்விடும். பதினொரு வருடம் அந்தப் பாடகரை சமையற்காரரோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன். கள்ளன், இன்னொருவனுடையதைத் தன்னுடையது என்று முதலில் போய்ச் சொன்னவன் என்று. திட்டும்போது ஒரு நாளாவது எனக்கு நாக்குக் கூசியிருக்க வேண்டாமா?

புதன்கிழமை சுகமில்லை என்று வேலைக்குப் போகவில்லை. மனைவி வேலைக்குப் போன பிறகு, பழைய ரேடியோ கசெட் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துக் கேட்டேன். சொல்லக்கூடாதது தொடங்குகிற இடத்திலிருந்து என் குரல் முடிகிற இடம் வரை ஆறு நிமிடம் இருபது விநாடி. முடிந்த கையோடு ஏழு சுரம். நடுவில் மூச்சுவிட இடமில்லை.

பத்து மணிக்குப் பாரிசுக்கு அடித்தேன்.

"என்ன மச்சான், வேலைக்குப் போகேல்லையோ?" என்றான் அவன்.

"உனக்கு ஒரு விசயம் சொல்லவேணும். குறுக்கை கதைக்காமல் கேள்" என்றேன். சொன்னேன். கசெட், சமையற்காரர், வானொலி எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் விசாரணை நாளில் நான் செய்ததைச் சொன்னேன். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருந்தது.

வைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"நீ எத்தினை மணிக்கு உள்ளை போனனீ?" என்று கேட்டான்.

"ஒன்பதரை."

"நான் பதினொண்டுக்கு" என்றான். "நான் சொல்லச் சொல்ல அந்த மொழிபெயர்ப்புக்காரர் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தவர். ஏனெண்டு இவ்வளவு காலமும் எனக்கு விளங்கேல்லை. எனக்கு இரங்குறார் எண்டெல்லோ நினைச்சனான்."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவன் கையில் எடுக்கவே இல்லை. நான் ஒரு வீரன் போல, "எல்லாரும் அறியட்டும். றேடியோவிலை போகட்டும். நான் செய்தது தெரியத்தானே வேணும்" என்றேன்.

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. "விசரே உனக்கு? உன்ரை பாவத்தைக் கழுவ என்ரை முதுகைக் காட்டப் போறியோ? என்ரை பிள்ளையளுக்கு நான் இதைச் சொல்லேல்லை. ஒருநாளும் சொல்லவும் மாட்டன். முதல் ஒருக்கா எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னனீ. இப்ப ரெண்டாந்தரமும் கொண்டுபோறியோ?"

உண்மையைச் சொல்வது பெரிய காரியம் என்று இரவெல்லாம் விழித்திருந்து முடிவெடுத்தவன் நான். அந்த உண்மையில் எனக்குச் சொந்தமான பகுதி எவ்வளவு சிறியது என்று யோசிக்கவேயில்லை.

"அப்ப கசெற்றைக் குடுக்கேல்லை. விடு" என்றேன்.

"அந்த மனிசன் என்ன செய்தவர்? அவர்ரை பாட்டு அவருக்குப் போகத்தானே வேணும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "என்ரை பகுதியை மட்டும் அழி. ஒரு சொல்லும் மிஞ்சக்கூடாது. நான் லைனிலை நிக்கிறன், இப்பவே அழி" என்றான்.

அழிப்பதென்றால் அதன் மேல் மறுபடி பதிவதுதான். ஒரு சொல் முந்தி நிறுத்தினால் அவனுடையது மிஞ்சும். ஒரு விநாடி பிந்தினால் சமையற்காரரின் முதல் சுரம் போய்விடும். பெட்டியில் எண்காட்டி இருந்தது, ஆனால் அதன் ரப்பர் பட்டி தொய்ந்து போய் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு எண் காட்டியது. கைக்கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். கசெட்டின் முதுகில் பழைய ஒட்டுநாடா காய்ந்து உதிர்ந்திருந்தது. புதிதாக ஒரு துண்டு ஒட்டினேன். கோணலாக ஒட்டி இரண்டு துண்டு வீணாகின.

தொடங்கும் இடத்துக்கு ஓட்டி நிறுத்தினேன். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, தூரத்தில், ஜன்னல் ஓரம் வைத்தேன். "துவங்கிறன்" என்று சொல்லி, பதிகிற பொத்தானையும் ஓட்டுகிற பொத்தானையும் சேர்த்து அமர்த்தினேன்.

ஆறு நிமிடம் இருபது விநாடி. அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குளிர்சாதனப் பெட்டி உறுமியது. கீழே பஸ் நின்று கதவு திறந்து மூடியது. மேல்வீட்டுக்காரி நாற்காலி இழுத்தாள். இவையெல்லாம் அவனுடைய அந்த மூன்று கிழமையின் மேல் பதிந்துகொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது நிமிடத்தில் அவன் இருமினான். ஆறு நிமிடம் ஆனதும் விரலை நிறுத்தும் பொத்தானின் மேல் வைத்தேன். வியர்வையில் விரல் வழுக்கியது. பதினாறு, பதினேழு. இந்தப் பெட்டியின் மோட்டார் மெதுவாக ஓடினால்? கடிகாரம் பிழைத்தால்? பதினெட்டு. பத்தொன்பதில் அமர்த்திவிட்டேன்.

"முடிஞ்சுதோ?" என்றான்.

"பொறு." பின்னோக்கி ஓட்டிப் போட்டேன். உறுமல். பஸ். நாற்காலி. ஒரு சிறு இருமல். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், என் பழைய குரலில் "...அக்கா" என்ற ஒரு சொல், அதன் பின்னால் முழுதாக, ஒரு சுரமும் குறையாமல் ஏழும்.

மேசையில் தலையை வைத்து அழுதேன். அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். "சரி, கொண்டே குடு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு சமையற்காரரின் அறையிலேயே பெண்மணி கசெட்டைப் போட்டுக் கேட்டாள். அந்த ஆறு நிமிடம் வந்ததும் அவள் புருவம் ஏறியது. "இது பழைய சத்தம் இல்லை. இந்தக் கிழமை யாரோ இதில் கை வைத்திருக்கிறார்கள்" என்றாள்.

"நான்தான்" என்றேன். "அங்கே இருந்தது இன்னொருவருடையது. உங்களுக்குத் தர எனக்கு உரிமை இல்லை. பாட்டு அதற்குப் பிறகு வருகிறது."

"இதனால் முழுக் கசெட்டுமே சந்தேகத்துக்குள்ளாகும், தெரியுமா?"

தெரியும் என்றேன். சமையற்காரரின் கண் அவளிலேயே இருந்தது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் செய்த வேலையால் இந்த மனிதனின் கடைசி வாய்ப்பும் போய்விட்டதோ என்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஏழு சுரம் வந்தது. பாடகர் கேட்டார், அது என்ன என்று. இவர் சிரித்துக்கொண்டே சொன்னார், லிஃப்ட் என்று. அவள் நிறுத்தினாள். பின்னுக்கு ஓட்டினாள். மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டு, அதைக் கழற்றி வைத்தாள்.

"இந்தக் குரலை அவர் மறுக்க முடியாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிகழ்ச்சி போனது. சமையற்காரரின் கட்டில் விளிம்பில் இருந்து கேட்டேன். சப்பாத்துக் கதையைப் பாடகர் தன் வாயாலேயே சொன்னார். அதன் பிறகு நிலவறை, அதன் பிறகு இவர் பெயர். முழுப் பெயர், இரண்டு தரம். அவர் கண்ணை மூடியிருந்தார், கண்ணீர் காதுப்பக்கமாக ஓடியது. "சரியாக உச்சரித்தாள்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்திருந்தது, பொய் சொல்லவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பாரிசிலிருந்து அழைப்பு.

"அந்த மனிசன்ரை பேர் சொன்னவையோ?"

"ஓம். ரெண்டு தரம் சொன்னவை."

"அவர் கேட்டவரோ?"

"பக்கத்திலை இருந்தனான். கேட்டவர்."

"நல்லது" என்றான். பிறகு, "எனக்கு றேடியோ வேண்டாம். என்ரை பேரும் ஒரு இடத்திலையும் வரவேண்டாம். ஆனால் இஞ்சை ஒரு ஆள் இருக்கு. முப்பது வரியமாய் எங்களுக்குள்ளை ஒரு கொளுவல் வந்தால், 'ஜெர்மன்காரன் சும்மாவே உங்களைப் பொய்க்காரன் எண்டு கலைச்சவன்?' எண்டு கேக்கிற ஆள். அவளுக்கு மட்டும் சொல்லு. உன்ரை வாயாலை சொல்லு."

"இப்பவோ?" என்றேன்.

கைபேசி கை மாறுகிற சத்தம் கேட்டது. என் பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது.

"கலோ" என்றது ஒரு பெண் குரல். அவளை நான் ஒருமுறையும் நேரில் கண்டதில்லை.

"தங்கச்சி," என்றேன், "உங்கடை மனிசன் விசாரணையிலை பொய் சொல்லேல்லை. பொய் சொன்னது நான். அவன் உள்ளை போக முதல், அவன்ரை கதையை நான் போய்ச் சொல்லிப்போட்டன்."

யாரோ கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

"முதலிலையிருந்து சொல்லுங்கோ" என்றாள்.